புதுசாக்க வேண்டாம், ஓட வைங்க!



உங்க தாத்தா வீட்டு மாட்டுக்கொட்டகையிலயோ, அபார்ட்மென்ட் பார்க்கிங்கோட இருட்டு மூலையிலயோ சாக்கு போர்த்தி ஒரு பழைய பைக் நிக்குதா? புல்லட், யெஸ்டி, ராஜ்தூத், ஆர்.எக்ஸ். 100, எதுவா வேணா இருக்கட்டும். "இந்த லீவுல இதை எடுத்து ரெடி பண்ணிடலாம்டா"ன்னு ஒரு தடவையாவது நினைச்சிருக்கீங்களா? அப்போ இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

நினைச்சதும் நாம முதல்ல என்ன பண்ணுவோம்? போனை எடுத்து வீடியோ பார்ப்போம். எல்லா வீடியோவும் ஒரே கதைதான். முதல் நிமிஷத்துல துருப்பிடிச்ச வண்டி. அடுத்தது மொத்தமா கழட்டுறாங்க. ஃப்ரேமுக்கு சாண்ட் பிளாஸ்டிங், பவுடர் கோட்டிங், புது குரோம், புது டேங்க், புது சைலன்சர். கடைசி நிமிஷத்துல ஷோரூம்ல இருந்து இறங்கின மாதிரி பளபளன்னு நிக்குது. பின்னாடி பி.ஜி.எம். வேற. நமக்கும் புல்லரிச்சுப் போகுது.

என் கருத்தை நேராவே சொல்லிடுறேன். முதல் தடவை ஸ்பேனர் பிடிக்கிற நமக்கு அது தப்பான பாதை. வண்டியைப் புதுசாக்குறது ஒரு வேலை. நின்னுபோன வண்டி ஏன் நின்னுச்சுன்னு கண்டுபிடிச்சு, அதை மட்டும் சரி பண்ணி, திரும்ப ஓட வைக்கிறது வேற ஒரு வேலை. முதல் வேலைக்குப் பணம் போதும். ரெண்டாவது வேலைக்குத்தான் இன்ஜினியர் தேவை. இன்ஜினியரிங் காலேஜ்ல படிக்கிற நாம ரெண்டாவதைத்தான் பண்ணணும்னு நான் சொல்றேன். ஏன்னு கீழ படிங்க.

எந்த வண்டியை வச்சுப் பேசுறேன்?

எனக்குக் கை பழகினது பழைய புல்லட் 350. அதனால அதையே உதாரணமா எடுத்துக்கிறேன். நம்ம ஊருக்கும் அதுக்கும் உறவு உண்டு. 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தோட ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பிச்சாங்க. ஃபேக்டரி திருவொற்றியூர்ல. இங்கிலாந்துல இருந்த தாய் கம்பெனி மூடினதுக்கு அப்புறமும் இங்க வண்டி வந்துக்கிட்டேதான் இருந்துச்சு. அந்தப் பழைய வார்ப்பிரும்பு இன்ஜினோட அடிப்படை அமைப்பு பல வருஷம் பெருசா மாறவே இல்ல. போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க, 346 சி.சி. வரும். ஒரே சிலிண்டர், ரெண்டு வால்வு, புஷ்ராட், கான்டாக்ட் பிரேக்கர் பாயின்ட், ஒரு கார்புரேட்டர். சென்சார் கிடையாது, இ.சி.யூ. கிடையாது. தெர்மல் புக்ல நாம பார்த்த படம் அப்படியே கையில இருக்கு.

இன்னொரு விஷயம். பழைய வண்டி எல்லாத்தையும் நாம 'வின்டேஜ்'னு சொல்றோம். சட்டத்துல அதுக்கு ஒரு கணக்கு இருக்கு. 2021-ல மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வருஷத்துக்கு மேல ஆன, ஒரிஜினல் அமைப்புல பெரிய மாற்றம் பண்ணாத வண்டிதான் வின்டேஜ். அதுக்குத் தனியா 'வி.ஏ.' எழுத்து வர்ற நம்பர் பிளேட். ஆனா அப்படிப் பதிவு பண்ணினா தினமும் காலேஜுக்கு ஓட்டிட்டு வர முடியாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, பராமரிப்பு மாதிரி சில காரணங்களுக்கு மட்டும்தான் ரோட்டுல எடுக்கலாம். அதனால 80-கள்ல வந்த மாமா புல்லட் சட்டப்படி வின்டேஜ் இல்ல, வெறும் பழைய வண்டி. அதுவும் நல்லதுதான். ஆர்.சி.யைப் புதுப்பிச்சு, இன்சூரன்ஸ் போட்டு, சாதாரணமா ஓட்டலாம்.

முதல் ஞாயிறு ஸ்பேனருக்கு லீவு

வண்டி கைக்கு வந்த முதல் நாள் கை பரபரக்கும். அடக்கிக்கோங்க. அன்னைக்கு வேலை பார்க்கிறதும் எழுதுறதும் மட்டும்தான்.

முதல்ல ஆர்.சி. புக்கை எடுங்க. அதுல இருக்கிற இன்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் வண்டியில இருக்கிறதோட ஒத்துப்போகுதான்னு பாருங்க. ஒத்துப்போகலைன்னா, இல்ல ஆர்.சி.யே இல்லைன்னா, எவ்வளவு சீப்பா கிடைச்சாலும் அந்த வண்டி வேண்டாம். எவ்வளவு அழகா ரெடி பண்ணினாலும் அது ரோட்டுக்கு வர முடியாது. துரு எடுக்கிறேன்னு கிரைண்டரை வச்சு அந்த நம்பர் மேலயே ஓட்டிட்டாலும் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல இதே சிக்கல்தான்.

அப்புறம் போட்டோ. ஒயர் எங்க போகுது, கேபிள் எந்தப் பக்கமா வளையுது, எந்த போல்ட்டுக்கு எத்தனை வாஷர், எல்லாத்தையும் எடுங்க. கழட்டும்போது எல்லாம் ஞாபகம் இருக்கும்னு தோணும். மூணு வாரம் கழிச்சு மாட்டும்போது ஒண்ணும் இருக்காது. ஐஸ்கிரீம் டப்பா நாலஞ்சு சேர்த்து வச்சு, மாஸ்கிங் டேப்ல பேர் எழுதி ஒட்டுங்க.

டயரோட பக்கவாட்டுல நாலு இலக்க எண் ஒண்ணு இருக்கும். 2316-னு இருந்தா 2016-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் தயாரானதுன்னு அர்த்தம். பட்டன் தேயாம இருக்கேன்னு ஏமாறாதீங்க. ரப்பர் கிழவனாகி இருக்கும்.

மூணே கேள்வி

நின்னுபோன பெட்ரோல் இன்ஜின் கிட்ட கேட்க வேண்டியது மூணே கேள்விதான். கம்ப்ரஷன் இருக்கா? ஸ்பார்க் சரியான நேரத்துல வருதா? பெட்ரோல் சரியான அளவுல வருதா? மூணுக்கும் ஆமான்னு பதில் வந்தா இன்ஜின் ஸ்டார்ட் ஆகியே தீரணும். அதுக்கு வேற வழியே கிடையாது. எந்தக் கேள்விக்கு இல்லைன்னு பதில் வருதோ, வேலை அங்கதான்.

எதை முதல்ல பார்க்கிறது? காசு செலவாகாததை, கழட்டத் தேவையில்லாததை.

பல வருஷம் நின்ன வண்டியைப் பார்த்ததும் கிக்கரை மிதிக்காதீங்க. பிளக்கைக் கழட்டி, அந்த ஓட்டை வழியா கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு, ஒரு ராத்திரி ஊற விடுங்க. அடுத்த நாள் கிக்கரைக் கையால மெதுவா அழுத்துங்க. சுத்தினா பாதி ஜெயிச்சாச்சு. அப்புறம் பிளக்கை மாட்டி அழுத்தினா காலுக்கு எதிர்ப்பு தெரியணும். தெரிஞ்சா முதல் கேள்விக்கு இப்போதைக்கு ஆமான்னு பதில்.

கழட்டின பிளக்கையும் பாருங்க. காய்ஞ்ச கரியா இருந்தா பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கா இருந்தா ஆயில் எரியுது. வெளிர் பழுப்புன்னா நல்லா எரிஞ்சிருக்கு. வெள்ளை வெளேர்னு இருந்தா பெட்ரோல் பத்தாம சூடேறியிருக்கு. வண்டி நிக்கிறதுக்கு முன்னாடி அதோட உடம்பு எப்படி இருந்துச்சுன்னு சொல்ற ரிப்போர்ட் அது.

பெயின்டுக்கு முன்னாடி பாயின்ட்

அடுத்தது ஸ்பார்க். பிளக்கை வெளியே எடுத்து, கேப்ல மாட்டி, அதோட உலோக உடம்பை ஹெட்ல தொட வச்சு, இக்னிஷனை ஆன் பண்ணிக் கிக்கரை மிதிங்க. பக்கத்துல பெட்ரோல் இருக்கக் கூடாது. நீல நிறத்துல பளிச்சுன்னு வந்தா சரி. வரலைன்னா உடனே காயிலை மாத்துன்னு சொல்லுவாங்க. பொறுங்க. பாயின்ட் மூடியைக் கழட்டிப் பாருங்க. பல வருஷம் நின்ன வண்டியில அந்தக் குட்டி உலோக முனை ரெண்டும் பூத்துப்போய்க் கிடக்கும். நைஸான எமரி பேப்பர்ல லேசா தேய்ச்சு, துணியால துடைச்சு, ஃபீலர் கேஜ் வச்சு இடைவெளியை 0.35-ல இருந்து 0.40 மி.மீ.க்குள்ள வைங்க. நிறைய வண்டிக்கு உயிர் வர்றது இங்கதான்.

பாயின்ட் திறக்கும்போது அங்கேயே பெருசா பொறி பறந்தா சந்தேகம் கண்டென்சர் மேல. பாயின்ட் திறக்கிற நொடியில காயிலோட காந்தப்புலம் சரியணும், அப்போதான் பிளக்குக்கு ஹை வோல்டேஜ் கிடைக்கும். அந்தச் சமயத்துல பாயின்ட்ல பொறி தாவாமப் பார்த்துக்கிறதுதான் கண்டென்சரோட வேலை. ஃபாரடே விதியை எழுதி மார்க் வாங்கியிருப்போம். அது சுண்டு விரல் அளவு டப்பாவுக்குள்ள உட்கார்ந்திருக்குன்னு அங்கதான் தெரியும்.

டைமிங் இன்னும் சுவாரஸ்யம். 350 புல்லட்டுக்கு, பிஸ்டன் உச்சிக்கு வர 0.8 மி.மீ. இருக்கும்போது பாயின்ட் திறக்க ஆரம்பிக்கணும். பாயின்ட் நடுவுல மெல்லிசா ஒரு பேப்பரை வச்சு லேசா இழுத்துக்கிட்டே இன்ஜினைச் சுத்தினா, பேப்பர் நழுவுற இடம்தான் திறக்கிற இடம். இதை டிகிரியில சொல்லணும்னா? கைனமேட்டிக்ஸ்ல படிச்ச ஸ்லைடர் கிராங்க் ஃபார்முலாவை எடுங்க. கிராங்க் ஆரம் 45 மி.மீ. கனெக்டிங் ராட் அதைப் போல நாலு மடங்குன்னு வச்சுக்கிட்டாக் கூட விடை 10 டிகிரியை ஒட்டித்தான் வரும். நாலு செமஸ்டருக்கு முன்னாடி எதுக்குன்னே தெரியாம போட்ட கணக்கு, இப்போ ஒரு வண்டியைக் கிளப்பப் போகுது.

டேங்க்கும் கார்புரேட்டரும்

மூணாவது கேள்வி பெட்ரோல். பழைய டேங்க்ல புது பெட்ரோலை ஊத்தாதீங்க. உள்ளே இருக்கிற துரு நேரா கார்புரேட்டருக்குப் போகும். டேங்க்கைக் கழட்டி, பழைய பெட்ரோல் வாசனை கூட இல்லாத அளவுக்குக் கழுவினதுக்கு அப்புறம் துருவை எடுக்கணும். பிளஸ் டூ கெமிஸ்ட்ரி ஞாபகம் இருந்தா மின்னாற்பகுப்பு முறையே போதும். சலவை சோடா கலந்த தண்ணி, பேட்டரி சார்ஜர், ஒரு இரும்புக் கம்பி. டேங்க் நெகட்டிவ், கம்பி பாசிட்டிவ், கம்பி டேங்க்கைத் தொடக்கூடாது. ஹைட்ரஜன் வரும்கிறதால திறந்த வெளியில, நெருப்பு இல்லாத இடத்துல பண்ணுங்க. பாசிட்டிவ்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேண்டவே வேண்டாம், அதுல இருந்து நச்சு குரோமியம் தண்ணிக்குள்ள வரும்.

டேங்க்கோட வெளிப்பக்கத்தை விட்டுடுங்க. பழைய புல்லட் டேங்க்ல இருக்கிற தங்க நிறக் கோடு ஸ்டிக்கர் இல்ல. ஒருத்தர் உட்கார்ந்து தூரிகையால கையில இழுத்த கோடு. பாலிஷ் போட்டா மிச்சம் இருக்கிற பெயின்டே நல்லா இருக்கும். அதைச் சுரண்டிட்டுப் புதுசு அடிச்சா, எவ்வளவு செலவு பண்ணினாலும் அந்தக் கை திரும்ப வராது.

கார்புரேட்டரைப் பிரிச்சா பைலட் ஜெட் அடைச்சிருக்கும். கண்ணுக்கே சரியாத் தெரியாத ஓட்டை அது. ஊசி, கம்பியெல்லாம் விட்டுக் குத்தாதீங்க, அளவு மாறிடும். கிளீனர் ஸ்ப்ரேயும் காத்தும் போதும். இப்போ பங்க்ல கிடைக்கிற பெட்ரோல்ல எத்தனால் கலந்திருக்கு, அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் கார்க்கையும் பதம் பார்க்கும். அதனால பெட்ரோல் டியூப்பையும் வாஷர்களையும் மாத்திடுங்க. மாசக்கணக்குல நிறுத்தப் போறீங்கன்னா கார்புரேட்டரைக் காலி பண்ணிட்டு நிறுத்துங்க.

13-ஆம் நம்பர் ஏறல, 14-ஆம் நம்பர் வழுக்குது

பழைய புல்லட்ல இது எல்லாருக்கும் நடக்கும். 13 ஸ்பேனர் நட்டுல ஏறாது. 14 போட்டா ஆடும். வலுவா இழுத்தா நட்டோட மூலை மழுங்கிடும். காரணம் வண்டியோட பூர்வீகம். அது பிரிட்டிஷ் டிசைன். பழைய மாடல்கள்ல இங்கிலாந்து மரைதான். பின்னாடி வந்ததுல மெட்ரிக்கும் கலந்திருக்கும். விட்வொர்த் ஸ்பேனர்ல 1/4-னு போட்டிருந்தா அது நட்டோட அகலம் இல்ல, போல்ட்டோட தடிமன். நட்டோட அகலம் 0.525 இன்ச், அதாவது 13.3 மி.மீ. 13-க்கும் 14-க்கும் நடுவுல மாட்டிக்கிட்ட அளவு.

மரையோட கோணமும் வேற. விட்வொர்த் 55 டிகிரி, மெட்ரிக் 60. கிட்டத்தட்ட பொருந்துதேன்னு வேற போல்ட்டை அழுத்தித் திருகினா, கேஸோட அலுமினியம் மரை பிய்ஞ்சுடும். அதுக்கப்புறம் லேத் பட்டறைதான் கதி. அதனால முதல் செலவு குரோமுக்கு வேண்டாம். ஒரு நல்ல விட்வொர்த் ஸ்பேனர் செட், ஒரு மரை கேஜ், ஒரு ஃபீலர் கேஜ். இந்த மூணும் இருந்தா பாதி மெக்கானிக் நீங்க.

"போர் போட்டுடலாம் தம்பி"

இப்போ என் வாதத்தோட மையத்துக்கு வர்றேன்.

எங்க மாமாவோட புல்லட் 11 வருஷம் நின்னுச்சு. நாங்க மூணு பேர் சேர்ந்து அதை எடுத்தோம். ஒரு கடையில காட்டினப்போ, இன்ஜினைத் திறக்காமலேயே பதில் வந்துச்சு: "போர் போட்டு, பிஸ்டன் மாத்தி, ஃபுல் இன்ஜின் வேலை பண்ணிடலாம் தம்பி." கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு நேரம்தான் காசு. சந்தேகம் இருக்கிறதை எல்லாம் மாத்தி அனுப்பினா வண்டி திரும்ப வராது. அவரோட கணக்குல அது நியாயம்.

ஆனா நம்ம கிட்ட நேரம் இருக்கு. அவர் கடையில இல்லாத ஒண்ணும் இருக்கு. மெட்ராலஜி லேப்! சாரிடம் அனுமதி வாங்கி சிலிண்டரைத் தூக்கிட்டுப் போனோம். போர் டயல் கேஜ் வச்சு மேல, நடுவுல, கீழன்னு மூணு இடம், ஒவ்வொரு இடத்துலயும் ரெண்டு திசை, மொத்தம் ஆறு அளவு எடுத்தோம். சிலிண்டர் சமமா தேயாதுன்னு புக்ல இருக்கு. மேல் ரிங் திரும்புற இடத்துலதான் தேய்மானம் அதிகம், பிஸ்டன் பக்கவாட்டுல அழுத்துற திசையில கொஞ்சம் முட்டை வடிவமாகும். எங்க அளவுலயும் அப்படியே இருந்துச்சு. ஆனா எல்லாமே மேனுவல் சொன்ன எல்லைக்குள்ள. போர் போடவே தேவையில்ல. ரிங் செட் மட்டும் மாத்தினோம். வண்டியை நிறுத்தின உண்மையான குற்றவாளி கண்டென்சரும், அடைச்சுப்போன பைலட் ஜெட்டும்தான்.

இதுல மிச்சமானது பணம் மட்டும் இல்ல. சிலிண்டரை ஒவ்வொரு தடவை போர் போடும்போதும் உலோகத்தைச் சீவுறோம். ஓவர்சைஸ் பிஸ்டன் 20 தௌ, 40 தௌன்னு படிப்படியா போகும், அதுக்கு ஒரு முடிவு உண்டு. தேவையில்லாத ஒரு போர் அந்த சிலிண்டரோட ஒரு ஆயுளையே சாப்பிட்டுடும். ஒரிஜினல் பார்ட்ஸ் ஒவ்வொண்ணும் அப்படித்தான். நல்லா இருக்கிற பழைய ஹப்பைக் காயலான் கடையில போட்டுட்டு, பளபளக்கிற நகலை வாங்கி மாட்டுறோம். கொஞ்ச நாள்ல குரோம் உரியுது. புதுப்பேட்டையில போய்த் தேடினா, நாம தூக்கிப் போட்ட அதே பார்ட்டை இன்னொருத்தர் தேடிக்கிட்டு நிப்பார்.

அதனாலதான் சொல்றேன். மாத்துறதுக்கு முன்னாடி அளங்க. அளந்ததை நோட்ல எழுதுங்க. அந்த எண்ணைப் பார்த்து முடிவெடுங்க. அளக்காம மாத்துறவர் பார்ட்ஸ் வாங்குறவர், அவ்வளவுதான்.

முதல் கிக்

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். ஒண்ணு டாப்பெட். இன்ஜின் குளிர்ந்திருக்கணும், பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில இருக்கணும். புஷ்ராடை விரலால சுத்தினா ஃப்ரீயா சுத்தணும், மேல கீழ ஆட்டினா ஆடக்கூடாது. இன்னொண்ணு ஆயில். பழைய ஆயிலை மொத்தமா இறக்கிட்டுப் புதுசு ஊத்துங்க. ஸ்டார்ட் ஆனதும், ஹெட்டுக்கு மேல ராக்கருக்குப் போற சின்ன பைப்போட போல்ட்டை லேசா தளர்த்திப் பாருங்க. ஆயில் கசிஞ்சு வரணும். வரலைன்னா உடனே ஆஃப் பண்ணுங்க. சத்தம் எவ்வளவு இனிமையா இருந்தாலும் ஆயில் சுத்தாத இன்ஜின் உள்ளுக்குள்ள செத்துக்கிட்டு இருக்கு.

புல்லட்டைக் கிக் அடிக்கப் பலம் வேணும், அது பசங்க வேலைன்னு ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். இக்னிஷனை ஆன் பண்ணி, கிக்கரை மெதுவா அழுத்துங்க, ஆம்ப் மீட்டர் முள்ளைப் பாருங்க. முள் நடுவுக்கு வந்தா பாயின்ட் திறந்துடுச்சுன்னு அர்த்தம். அதாவது பிஸ்டன் உச்சிக்குப் பக்கத்துல இருக்கு. டீகம்ப்ரஷன் லிவரைப் பிடிச்சு, கிக்கரை ஒரு துளி நகர்த்தி உச்சியைத் தாண்ட வைங்க. லிவரை விடுங்க, கிக்கரை மேல வர விடுங்க. இப்போ ஒரே முழு மிதி. எங்க டீம்ல முதல்ல ஸ்டார்ட் பண்ணினது எங்க கிளாஸ்லயே ஒல்லியான பொண்ணு. ஷூ மட்டும் கண்டிப்பா போட்டுக்கோங்க. டைமிங் தப்பா இருந்தா கிக்கர் திருப்பி அடிக்கும்.

நீங்க கேட்கப்போற கேள்விகள்

"அப்போ பெயின்டே அடிக்கக் கூடாதா? எதையும் மாத்தவே கூடாதா?" அப்படிச் சொல்லல. டயர், டியூப், பிரேக் ஷூ, கிளட்ச், பிரேக் கேபிள், செயின், இதுல எல்லாம் செண்டிமென்ட் பார்க்கவே கூடாது. சந்தேகம் வந்தா மாத்துங்க. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். பழைய பிரேக் லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதனால டிரம் தூசியைக் காத்தடிச்சு ஊதாதீங்க. ஈரத்துணியால துடைங்க. துரு ஃப்ரேமை ஓட்டை போட்டிருந்தா வெல்டிங்கும் பெயின்டும் கட்டாயம். என் வாதம் வரிசையைப் பத்தினது. ஓடினதுக்கு அப்புறம் அலங்காரம். ஒரு கூடுதல் தகவல்: ஃப்ரேம் முழுக்க பவுடர் கோட்டிங் பண்ணினா எர்த் ஒயர் தொடுற இடமும் மூடிடும். அப்புறம் லைட் மங்குது, ஹாரன் அழுகுதுன்னு புது பேட்டரி வாங்க ஓடுவாங்க. அழகுபடுத்தினதே பழுதான கதை அது.

"படிக்கவே நேரம் இல்ல, இதுக்கு எங்க?" ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம். ஒரு செமஸ்டர்ல முடிஞ்சிடும். மொத்தமா கழட்டிப் போட்டாத்தான் வருஷக்கணக்கா சாக்குப்பையில கிடக்கும். மூணு கேள்வி முறையில எப்பவும் ஒரே ஒரு பகுதிதான் கழண்டிருக்கும்.

"டிகிரி படிச்சிட்டு மெக்கானிக் வேலையா?" இந்தக் கேள்வி வீட்டுல இருந்து வரும். கோபப்படாதீங்க. நம்மளைப் படிக்க வைக்க அவங்க கையில எவ்வளவு கிரீஸ் பட்டிருக்கோ, யாருக்குத் தெரியும். ஆனா பதில் இதுதான்: லேப்ல நமக்குக் கொடுக்கிற எக்ஸ்பரிமென்ட் எல்லாத்துக்கும் விடை முன்னாடியே தெரியும். ரெக்கார்ட் நோட்ல சீனியர் எழுதினதுதான் நாமளும் எழுதுறோம். பழைய வண்டிக்கு சீனியர் ரெக்கார்ட் கிடையாது. விடை தெரியாத ஒரு கேள்விக்கு முன்னாடி உட்கார்ந்து, ஒவ்வொரு காரணமா தட்டிக் கழிச்சு, கடைசியா மிஞ்சினதைக் கையில எடுக்கிற அனுபவம் நாலு வருஷத்துல நமக்கு வேற எங்க கிடைக்குது? நாளைக்கு நீங்க எழுதப் போறது கோடா இருக்கட்டும், பார்க்கப் போறது பம்ப்பா இருக்கட்டும், பழுது கண்டுபிடிக்கிற முறை ஒண்ணுதான்.

கடைசியா ஒரு கோரிக்கை

பாயின்ட் வண்டியைக் காதால கேட்டே டைமிங் சொல்ற மெக்கானிக்குகள் இன்னும் நம்ம ஊர்கள்ல இருக்காங்க. பலருக்கும் வயசாயிடுச்சு. கடையை எடுத்து நடத்த ஆள் இல்ல. அவங்க காதுல இருக்கிறது எந்த மேனுவல்லயும் இல்ல. நம்ம லேப்ல இருக்கிற அளவுக் கருவி அவங்க கிட்ட இல்ல. இந்த ரெண்டும் சந்திக்கணும். நோட்டோட போங்க. "அண்ணே, இது ஏன் இப்படி?"ன்னு கேளுங்க. வேலை நடுவுல கேட்காதீங்க, டீ நேரத்துல கேளுங்க. ஆசையா சொல்லுவாங்க.

நம்ம டிபார்ட்மென்ட்டுக்கும் ஒரு வேண்டுகோள். வொர்க்ஷாப்ல வெட்டி வச்ச கட் செக்ஷன் இன்ஜின் ஒண்ணு பெயின்ட் அடிச்சு நிக்குது. பார்க்க அழகா இருக்கு. அதுக்குப் பக்கத்துல ஓடாத ஒரு பழைய பைக்கை வைங்க. ஒவ்வொரு வருஷமும் செகண்ட் இயர் பசங்க கிட்ட ஒப்படைச்சு, "ஏன் ஓடலைன்னு கண்டுபிடிச்சு எழுதுங்க"ன்னு மட்டும் சொல்லுங்க. ஓட வச்சவங்க கிளம்பும்போது அடுத்த பேட்சுக்காக ஒரு பழுதை உள்ளே ஒளிச்சு வச்சிட்டுப் போகட்டும்.

அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம். இந்த வாரம் ஊருக்குப் போறீங்களா? சாக்கை விலக்குங்க. ஆர்.சி. எங்கன்னு கேளுங்க. பிளக்கைக் கழட்டி, அது என்ன கலர்ல இருக்குன்னு பாருங்க. பெயின்ட் கடைக்குப் போறதை அப்புறம் பார்த்துக்கலாம்.